ஓடியதைவிட நின்றதே அதிகம்

எங்கள் ட்ரைவர் பூபாலசிங்கத்துக்கு நடந்தது அநியாயம். ஆறு வருஷமாக ஒரு கீறல் விழாமல் எங்கள் காரை ஓட்டியவரை ஐந்து நிமிஷத்தில் வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். நிற்பாட்டியது என் அம்மா. குற்றம், காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு நித்திரை கொண்டது.

போன திங்கட்கிழமை ஏசி சூடான காற்றை ஊதத் தொடங்கியது. கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் ஸாலிஹ் நானாவிடம் காரைக் கொண்டுபோனோம். பூபாலண்ணன் ஓட்ட, அம்மாவும் நானும் பின்னால்.

ஸாலிஹ் நானா முன்பக்கத்தைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கொண்டென்சரைக் காட்டினார். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருங்கிக் கிடக்கிற ஒரு சட்டம். ஏசி கேஸின் சூட்டை வெளியில் தள்ளுவது அதன் வேலையாம். தகடுகளுக்கு இடையில் புழுதியும் வெள்ளவத்தைக் கடல் உப்பும் அடைந்து, ஒரு மூலையில் எண்ணெய் கசிந்திருந்தது.

"கார் ஓடக்குள்ள காத்து தானா வந்து இத ஆத்தும். நிண்டா இந்தச் சின்ன ஃபேன் மட்டும்தான். அதுவும் களைச்சுப் போச்சு. இந்தக் கார் ஏசியோட ஓடினதவிட நிண்டதுதான் கூட, மேடம்" என்றார்.

கிழமைக்கு ஒருக்கால் பைப் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும், சேர்விஸில் பிரஷராக அடிக்க விடக்கூடாது, தகடு மடங்கிப்போகும் என்றும் சொன்னார். அதெல்லாம் அம்மாவின் காதில் ஏறவில்லை. நிண்டது என்ற சொல்லோடு அவர் பூபாலண்ணன் பக்கம் திரும்பிவிட்டார்.

"பிள்ளையக் கூட்டிவரப் போய், கம்பஸ் வாசல்ல ஏசியப் போட்டுட்டு நித்திரையோ நீர்?"

பூபாலண்ணன் கொண்டென்சரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"ஆமா மேடம். வெயிலுக்குத் தூங்கிட்டேன்."

அவ்வளவுதான். சாவி கைமாறியது.

நான் விடவில்லை. மூன்று நாள் வாதாடினேன். கொழும்பு வெயிலில் ஒரு மனிதர் இரும்புப் பெட்டிக்குள் வெந்துகொண்டா காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். கொண்டென்சர் என்று ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது, தெரியாததைக் கழுவவில்லை என்று எப்படிக் குற்றம் சொல்வது என்றும் கேட்டேன். உங்களுடைய ஒபிசில் மத்தியானம் ஒருவரும் கண்ணை மூடுவதில்லையோ என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கம்பஸுக்குப் போறது படிக்கவோ, என்னோட சண்டை பிடிக்கப் பழகவோ?"

நாலாம் நாள் அம்மா இறங்கி வந்தார். பூபாலண்ணன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், இனிமேல் நித்திரை கொள்ள மாட்டேன் என்று சொல்லட்டும், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்.

வென்ற களிப்போடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. பூபாலண்ணன் வெள்ளைச் சேர்ட் ஒன்றை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் ட்ரைவர் தேவையாம், பார்க்கப் போகிறாராம்.

அவருடைய மனைவி ரஜனி எனக்கு பிளேன்டீ தந்தார். "இது மூணாவது வீடு, தங்கச்சி. போற எடமெல்லாம் கதை முந்திப் போயிருது. ஏசியப் போட்டுத் தூங்குற ட்ரைவர் வேணாங்கிறாங்க."

கவலைப்பட வேண்டாம் என்றேன். அம்மா சம்மதித்ததைச் சொன்னேன். நித்திரை ஒன்றும் களவில்லை, உழைக்கிறவருக்கு அது உரிமை, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை, ஒரு மன்னிப்பை மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள் என்று நீளமாகவே விளக்கினேன். பூபாலண்ணன் சேர்ட்டின் கொலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ரஜனிதான் பொறுக்காமல் குறுக்கே வந்தார்.

"இவரா தூங்குனாரு? பகல்ல இவருக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வராது. ஊருக்குப் போற பஸ்ல கூட, இவருதான் ஓட்டுறாப்புல ரோட்டப் பாத்துக்கிட்டே வருவாரு."

"நீ சும்மா இரு" என்றார் பூபாலண்ணன்.

எனக்கு அது போதாதா? தூங்காதவர் ஏன் தூங்கினேன் என்று சொல்ல வேண்டும்? செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வது தனக்குத் தானே செய்கிற அநியாயம் என்றேன். யாருக்காக அந்த ஏசி மணிக்கணக்காக ஓடியதோ, அந்த ஆளைக் கூட்டிப்போய் அம்மாவுக்கு முன்னால் நிறுத்தாமல் விடமாட்டேன் என்றேன்.

"ஆர் அண்ணை அது? பேரைச் சொல்லுங்கோ, மிச்சத்த நான் பாக்கிறன்."

அவர் அயர்னை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை நிற்பாட்டினார். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்கதான், தங்கச்சி. 'பத்து நிமிஷத்தில வாறன், ஏசியப் போட்டு வையுங்கோ'ன்னு மெசேஜ் போடுவீங்க. போட்டு வைப்பேன். லெக்சர் முடிஞ்சு, மாணவர் கூட்டத்துல நீங்க பேசி முடிச்சு வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். எந்த நேரம் வருவீங்கன்னு தெரியாம இடையில நிப்பாட்டவும் ஏலாது. இத மேடம்கிட்ட சொன்னா, லெக்சர் முடிஞ்சு இவ்வளவு நேரம் எங்க நிக்கிறீங்கன்னு கேப்பாங்க. அந்தக் கூட்டத்துக்கே போக விடமாட்டாங்க. எங்க தேயிலைத் தோட்டத்துல வேலை செய்ற ஆளுகளுக்காகப் பேசுற கூட்டமாச்சே, அத நான் நிப்பாட்டலாமா?"