குரலைப் பார்த்தவர்

"கண்ணு ரெண்டும் தீ, வாயிலிருந்து வாள்... இதை எப்படிங்க அத்தனை பேர் முன்னாடி நின்னு வாசிப்பேன்?" என்று கேட்டாள் ஜாஸ்லின்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் கணவன் இருதயநாதனோடு உட்கார்ந்திருந்தாள். காவிரி கடைசிப் படிகளை மூழ்கடித்தபடி ஓடியது. அந்திச் சிவப்பில் மலைக்கோட்டை மேகத்தோடு மேகமாக மிதப்பது போலிருந்தது.

மறுநாள் அவள் அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசை. விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் முதல் அதிகாரத்தை வாசிக்க வேண்டியவள் அவள். சிறுவயதில் யாரோ காட்டிய உலக முடிவுப் படங்களைப் பார்த்ததிலிருந்தே அந்தப் பகுதி என்றால் அவளுக்கு உதறல்.

"பயமா இருந்தா வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிடலாம்" என்றான் இருதயநாதன்.

"எங்கம்மாவுக்கு நான்தான் வாசிக்கணும். இருட்டறதுக்குள்ள புரிய வச்சிடுங்க."

"சரி, முதல்ல இதை எழுதின யோவான் எங்க இருந்தார்னு பாரு. பிடிச்சுட்டுப் போய் ஒரு தீவுல விட்டுட்டாங்க. சுத்தியும் தண்ணி. சொந்தம்னு ஒருத்தர் இல்ல. அப்பத்தான் பின்னாடி ஒரு குரல். அந்தக் குரலைப் பார்க்கத் திரும்பினாராம்."

அவள் முகம் மலர்ந்தது. "அந்த ஒரு இடம்தாங்க எனக்கு நல்லாப் புரிஞ்சுது."

"ஆச்சரியந்தான். குரலை எப்படிப் பார்க்க முடியும்னு ஊர்ல எல்லாரும் முட்டிக்கிறதே அங்கதான்."

சிரித்துக்கொண்டே அவள் ஆற்றின் பக்கம் திரும்பினாள். மறுபடி தன்னைப் பார்க்கும்வரை அவன் பேசாமல் காத்திருந்தான்.

"திரும்பினா, ஆண்டவர் ஏழு விளக்குக்கு நடுவுல நிக்கறார். அது ஏழு சபை. வலது கையில ஏழு நட்சத்திரம். பார்த்ததும் யோவான் செத்தவர் மாதிரி விழுந்துட்டார்."

"நானா இருந்தாலும் விழுந்திருப்பேன்."

"ஆனா அவர் வலது கையை யோவான் மேல வச்சுப் பயப்படாதேங்கறார். சாவோட சாவி எங்கிட்ட இருக்குங்கறார்."

ஜாஸ்லின் புருவத்தைச் சுருக்கினாள். "வலது கையா? அதுலதானே நட்சத்திரம் இருந்துச்சு?"

இருதயநாதன் திகைத்தான். பல வருஷமாகத் தேவாலயத்தில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவன். இது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியலையே" என்றான்.

"எங்கயாவது இறக்கி வச்சிருப்பாருங்க. விழுந்து கிடக்கறவரைத் தொடணும்னா கை காலியா இருக்கணும்ல?"

சட்டென்று அவள் கண்கள் நிறைந்தன. "ஆஸ்பத்திரியில கடைசி நேரத்துல நம்மளை உள்ள விடல. அம்மா தனியாப் போயிட்டாங்கன்னு ஒரு வருஷமா எனக்குத் தூக்கமில்ல. அந்தக் கை அம்மாவையும் தொட்டிருக்கும், இல்லையா?"

"தொட்டிருக்கும்."

படித்துறை விளக்குகள் எரிந்தன. ஆற்றுக்குள் அவற்றின் ஒளி துண்டு துண்டாக நடுங்கியது. நட்சத்திரங்களை யாரோ இப்போதுதான் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டுப் போனது போல அவளுக்குத் தோன்றியது. பயம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

இருதயநாதன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டான்.

கும்மிருட்டில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தேடிப்பிடித்து அவன் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மறுபடி எரிந்தன.

"நாளைக்கு நானே வாசிக்கறேங்க" என்றாள் ஜாஸ்லின். தன்னைப் போலவே பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத கணவனுக்கு நன்றாகத் தெரியும்படி, இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் உயர்த்தி, விரல்களால்.