ஏரிக்குள் ஒரு வங்கி வரிசை

அந்த ஊரில் செல்போன் சிக்னல் ஏரியின் நடுவில்தான் கிடைத்தது. அதனால் வங்கி கொடுத்த கைரேகைக் கருவியோடு தேன்மொழி இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நிற்பாள். பணம் எடுக்க வந்தவர்கள் அவள் முன்னால் தண்ணீருக்குள்ளேயே வரிசையாக நிற்பார்கள். நனைந்த விரலைக் கருவி ஏற்காது. காற்றில் காயட்டும் என்று எல்லோரும் கைகளை உயர்த்தியிருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் காலை வெயிலில் மீன்குஞ்சுகள் மினுங்கின.

பவளக்கொடி அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள். இறால் உரித்த கூலி இத்தனை காலமும் புருஷன் காத்தவராயன் கைக்கே போனது; இந்த மாதம் அவள் பேரில் வங்கிக் கணக்கில் போட்டிருந்தார்கள். அதை வாங்கிப் புது பைக்குக்கு முன்பணம் கட்ட அவன் கரையில் காத்திருந்தான்.

இறால் முள் தேய்த்த விரலைக் கருவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தேன்மொழி அதைத் துடைத்து, ஊதி, மெல்ல அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"உங்க பணம் இருக்குக்கா. எவ்வளவு எடுக்கணும்?"

பவளக்கொடிக்குக் கால்கள் தரையை விட்டு மிதப்பதுபோல் இருந்தது.

"உள்ளயே கெடக்கட்டும்னா கெடக்குமா?"

"நீங்களா வந்து விரல் வைக்கிற வரைக்கும் கெடக்கும்."

"வந்துச்சா?" என்று கரையிலிருந்து காத்தவராயன் கத்தினான்.

"ரேகை விழலயாம்யா!"

சொல்லிவிட்டுப் பவளக்கொடி பயத்தோடு தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி கரைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"தேய்ஞ்ச விரலுண்ணே! இப்போதைக்கு விழாது!"

வரிசையில் அடுத்து நின்றவள் தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.