காற்று தள்ளிய கார்

“யோவ் சக்கரபாணி, வெளிய வாய்யா! ஒம் மரம் எங் காரக் கொன்னுடுச்சு!”

புயல் ஓய்ந்த காலை. முதலியார்பேட்டையில் அந்தத் தெருவே கூடிவிட்டது. சக்கரபாணி வீட்டு வாசலில் நின்ற பூவரசமரம் வேரோடு சாய்ந்து, எதிர்வீட்டுச் சுப்ராயனின் பழைய பியட் காரை அப்பளமாக நொறுக்கியிருந்தது.

சக்கரபாணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பின்னே? பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சுப்ராயன், கார் வாங்கிய அன்று தெருவில் எல்லாரையும் ஏற்றிப்போய் பீச்சைச் சுற்றிக் காட்டினார். சக்கரபாணியை மட்டும் கூப்பிடவில்லை. அதை மறக்கிற ஆளா அவர்? இப்போதெல்லாம் அந்தக் கார் வந்தாலே ஜனங்கள் அவசரமாகப் படியேறி ஒதுங்குவார்கள். பென்ஷன்காரனுக்கு என்ன மரியாதை பார் என்று பல்லைக் கடிப்பார். மரம் சாய்கிறது, வெட்டு என்று சுப்ராயன் சொன்னதாலேயே வெட்டாமல் விட்டார்.

“எத்தினி வாட்டி சொன்னேன், வெட்டுய்யான்னு!”

“சுனாமிக்கே அசையாத மரம்யா அது!”

“சுனாமி முதலியார்பேட்டைக்கு வரவேயில்லையே!”

“வந்திருந்தாலும் அசைஞ்சிருக்காது. அது கெடக்கட்டும். ஒன் ஷெட்டுல இருக்கிற காரு எம் மரத்தடிக்கு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு.”

சுப்ராயன் சாத்திக் கிடந்த ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். “ஷெட்டுலதான் வச்சேன். காத்து தள்ளியாந்துடுச்சு.”

“கதவத் தொறந்து, கார வெளிய எடுத்து, திரும்பக் கதவச் சாத்திட்டுப் போச்சா ஒங் காத்து?”

தெரு சிரித்தது. சுப்ராயன் தன் வீட்டிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் அவரிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதிசயம் மத்தியானம் நடந்தது. சுப்ராயன் மனைவி ஜிஸ்லேன், சக்கரபாணி வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். மறுநாள் முழு கேக்.

“கார ஒடச்சவன் வீட்டுக்குக் கேக்கா? இதுல ஏதோ இருக்குடி. தொடாத.”

“முட்டதான் இருக்கு” என்றாள் மனைவி தையல்நாயகி, வாய் நிறைய மென்றுகொண்டே.

அதற்கடுத்த நாள் கோழி வந்தது. சக்கரபாணிக்குச் சோறு இறங்கவில்லை. ஜிஸ்லேனும் தெருவில் நின்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் தெம்பாக இருந்திருப்பார். கேக்கும் கோழியும் அவரை உள்ளே அரித்தன.

மெக்கானிக்கைக் கூட்டிவரச் சுப்ராயன் தவளக்குப்பம் போன நேரம் பார்த்து, எதிர்வீட்டுப் படியேறினார். எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் அந்தப் படியில் கால் வைக்கிறார்.

“தங்கச்சி, மரம் என்னுது. வெட்டாம விட்டது என் வீம்பு. தப்பு எம்மேலதான்.”

ஜென்மத்தில் அவர் வாயில் வராத சொல். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. மேலே ஒரு படி போனார்.

“கார நானே புதுசு மாதிரி பண்ணிக் குடுத்துடறேன். சுப்ராயன் பழையபடி ஓட்டட்டும்.”

“ஐயையோ அண்ணே!” ஜிஸ்லேன் கையெடுத்துக் கும்பிட்டாள். “அந்த ஒண்ண மட்டும் செஞ்சிடாதீங்க!”

“ஏம்மா?”

“அவருக்கு ரெண்டு கண்ணும் சரியாத் தெரியல. வண்டியத் தொடவே கூடாதுன்னு கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு. கேட்டாத்தானே? சாவிய ஒளிச்சு வச்சா வேற சாவி பண்ணிக்கிறாரு. வித்துடலாம்னா, ‘மொதல்ல ஒன்ன விக்கிறேன்’ங்கிறாரு. போன வாரம் பள்ளிக்கூடம் விடற நேரத்துல... புள்ளைங்க தப்பிச்சது மாதா புண்ணியம்.”

சக்கரபாணிக்கு மெல்ல விளங்கியது.

“அப்போ, காத்து தள்ளல?”

“புயலுக்குப் பயந்து அவரு இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டாரு. நீங்களும்தான். ஷெட்டத் தொறந்து ஒங்க மரத்தடியில கொண்டாந்து வச்சது நான்தான் அண்ணே. எங்கள மன்னிச்சிடுங்க.”

“அவ்வளவு கனமான கார ஒருத்தியாவா தள்ளுன?”

ஜிஸ்லேன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் ஸ்டியரிங்கதான் புடிச்சேன். பின்னாலேருந்து தள்ளுனது நம்ம அண்ணி.”