நாற்பத்தேழாம் பாட்டில்

நாற்பத்தேழாம் பாட்டிலில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

இருந்தது. லித்தியம். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, மற்ற நாற்பத்தாறு கிணறுகளையும் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு.

ஆய்வக மெஷின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு முறை பார்த்தார். எண் மாறவில்லை.

"பிளாங்க்கே இப்படின்னா, மத்த பாட்டிலை எல்லாம் யாரும்மா நம்புவாங்க?"

ஆராய்ச்சிக்காரி முடிவுப் பட்டியலை வாங்கிப் படித்தாள். ஆராய்ச்சிக்காரி என்பதுதான் வீட்டில் அவளுக்குப் பெயர்.

பழைய சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு இந்த பாட்டரி உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுடைய நான்கு வருடப் பாடு. மேற்கே போகப் போக லித்தியம் ஏறும். ஏறி ஏறி, பாறை மலைக்கு முன்னால் வரைபடம் நின்றுவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கிணறே கிடையாது, அத்தோடு விட்டுவிடு என்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடும் சொல்லிவிட்டார்.

நாற்பத்தேழாம் பாட்டில் எந்தக் கிணற்றுடையதும் அல்ல. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்; அதைத்தான் பிளாங்க் என்பார்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் அதன் மூடியைத் திறந்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் மூடி எடுத்து வர வேண்டும். கடைசியில் அதில் ஒன்றும் இல்லையென்றால், தூசோ கை அழுக்கோ மற்ற பாட்டில்களிலும் கலக்கவில்லை என்று அர்த்தம். ஏதாவது இருந்தால், அத்தனையையும் கீழே கொட்டிவிட்டு அடுத்த மழைக்காலம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பாட்டிலின் பொறுப்பை அவள் மாமனாரிடம் கொடுத்திருந்தாள்.

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வேலைதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு டயருக்குக் காற்றடிக்கப் போவார். தினமும். அந்த டயர்கள் இதுவரை வெடிக்காததே அதிசயம் என்பாள் அத்தை.

மருமகள் கிணறு கிணறாகப் போக வண்டி ஓட்டச் சொன்னதும் ஆளுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

"இந்தப் பாட்டிலுக்கு என்னம்மா வேலை?" என்று முதல் நாளே கேட்டார்.

"சும்மா கூட வரணும் மாமா. அவ்வளவுதான்."

"அப்ப நம்ம ஆளு" என்று சொல்லி, அதற்குத் தன் இருக்கையின் பக்கத்திலேயே இடம் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அவர் வெளியே வராந்தா பெஞ்சில், தண்ணீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள். தூசு கலந்தால் முதலில் தலைகாட்டுகிற அலுமினியம் இல்லை. கை பட்டால் வருகிற துத்தநாகமும் இல்லை. ஆனால் சோடியம் இருந்தது, போரான் இருந்தது. மேற்குக் கிணறுகளில் எந்த விகிதத்தில் இருந்தனவோ அதே விகிதத்தில், இன்னும் ஒரு படி மேலே. அழுக்குக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

"சார், இது அழுக்கு இல்ல. இது ஏதோ ஒரு கிணறு."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

"முப்பத்தொன்பதாவது கிணத்துல கால் இடறி அவ்வளவும் கொட்டிடுச்சும்மா. நீ வருத்தப்படுவியேன்னு நானே ரொப்பிட்டேன். நல்ல தண்ணியாத்தான் ஊத்தினேன்."

"எந்தத் தண்ணி மாமா?"

அவர் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். அதில் லித்தியம் மருந்துக்கும் கிடையாது. அவளுக்கு அது மனப்பாடம்.

"இது வீட்டுத் தண்ணி இல்லையே."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டிப்போ போர் தண்ணி."

பஸ் டிப்போ, மலைக்கு அந்தப் பக்கம். மதில் சுவருக்குள் இருக்கிற ஆழ்துளைக் கிணறு என்பதால் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நான்கு வருடமாக அவள் தேடிய தண்ணீர் ஒவ்வொரு நாளும் காரில் அவளுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. அவர் அதைக் குடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

சந்தோஷம் தாங்காமல் அவள் வராந்தாவிலேயே குதித்தாள். மெஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தானும் சிரித்துவைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"பண்ணிட்டீங்க மாமா. இப்ப டிப்போவுக்குப் போய் அதே தப்பைப் புதுப் பாட்டில்ல ஒழுங்காப் பண்ணணும்."

அவர் பிளாஸ்க்கைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்த அளவு குடிப்பதற்கு ஒன்றும் பயமில்லை என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் ஒரு வாய் குடித்தார்.

புதுப் பாட்டில்களோடு காரடிக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"தினமும் டிப்போல என்ன மாமா வேலை?"

அவர் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அஞ்சு இருபதுக்கு முதல் வண்டி. அது கிளம்பறதைப் பார்த்துட்டு, ஒரு பிளாஸ்க் தண்ணி பிடிச்சுக்கிட்டு வந்துடுவேன். அத்தைகிட்ட சொல்லிடாதம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து பார்த்தாள். பின் டயர் இரண்டும் பாதி இறங்கிக் கிடந்தன.