சின்ன முதலாளிக்கு வயிறு சரியில்லை

"தம்பி, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளியில மூச்சு விட்டுடாதீங்க," என்றார் கேஷியர் அக்கா.

மெத்தைக் கடையில் அப்போது கூட்டமில்லை. விற்பனையாளன் காதைக் கொடுத்தான்.

"புதுக் கிளைக்கு மேனேஜரைத் தேர்ந்தெடுக்கப் போறது முதலாளி இல்லை. சின்ன முதலாளி."

சின்ன முதலாளி என்பது முதலாளியின் மேஜைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் தங்கமீன். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அத்தனை செல்லம் கொடுத்ததில்லை.

"ஒரு மீனா மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும்?"

"ஆமா. அது யாரைப் பார்த்து ஓடி வருதோ, அவங்கதான் நம்பிக்கையான ஆள்னு அவர் நினைப்பு. வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரா தொட்டி முன்னால நிக்க வைக்கப் போறார்."

வேறு முதலாளியாக இருந்தால் சிரித்திருப்பான். யாரோ தும்மினார்கள் என்று ஒரு வண்டி மெத்தையைத் திருப்பி அனுப்பிய மனிதர் இவர். செய்யக்கூடிய ஆள்தான்.

அவனுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். சகலை மேனேஜராகி வருஷமாகிறது. மாமியார் வீட்டில் சகலைக்கு முதுகு சாய நாற்காலி, இவனுக்கு ஸ்டூல்.

அன்றிலிருந்து முதலாளி வெளியே போகும்போதெல்லாம் நைசாக அறைக்குள் நுழைந்து தீனியைத் தூவினான்.

"நல்லா சாப்பிடு ராசா. சாப்பிட்டுக்கிட்டே என் மூஞ்சியையும் நல்லா பார்த்து வெச்சுக்க."

சின்ன முதலாளியின் வயிறு பந்தாக வீங்கியது. தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி, அறை முழுக்க வாடை. தொட்டி கழுவ வந்த மீன்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும் சார். மிச்சமெல்லாம் அடியில தங்கி அழுகி, தண்ணியே விஷமாயிடும். இந்த மீன் பட்டினியால சாகாது, தின்னுதான் சாகும்."

விற்பனையாளனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. நாம் போடுகிற நாலு சிட்டிகைக்கா இப்படி ஊதும் என்று குழம்பினான். 'வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்க ராசா' என்று மனசுக்குள் கெஞ்சிவிட்டு அன்றைக்கும் தூவினான்.

வெள்ளிக்கிழமை முதலாளி எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவன்தான் முதலில் நின்றான். சின்ன முதலாளி தூக்க முடியாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஒருக்களித்தபடியே அவனிடம் வந்து வாயைத் திறந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனசளவில் முதுகு சாய நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான்.

அடுத்து வேன் டிரைவர் நின்றார். மீன் அவரிடமும் வந்தது. மெத்தை உறை தைக்கும் டெய்லர் நின்றார். அவரிடமும் வந்தது.

கடைசியாகக் கேஷியர் அக்கா கைகட்டி நின்றார். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம் அக்கா என்று நினைத்துக்கொண்டான்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"யாருய்யா இதுக்கு அள்ளி அள்ளிப் போடறதுன்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டீங்க. மீனையே கேட்டுடலாம்னு கேஷியரம்மாதான் யோசனை சொன்னாங்க. நல்லவேளை, சாகறதுக்குள்ள காட்டிக் கொடுத்துடுச்சு. ஒரு மீனோட வயித்தைப் பார்த்துக்கத் தெரியாதவங்களை நம்பிக் கடையை எப்படி விடறது? கேஷியரம்மா, புதுக் கிளையை நீங்களே பார்த்துக்கங்க."

டெய்லர் மெல்ல விற்பனையாளன் காதருகே குனிந்தார்.

"தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த மீன் விஷயத்தை அக்கா என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தாங்க."