மாப்பிள்ளை தின்ற உருளைக்கிழங்கு

சுந்தரராஜன் தட்டிவிட்ட தட்டு தரையில் விழுந்து உடைந்தது.

“வெறும் உருளைக்கிழங்குதானே சார்?” என்றான் பாலசந்திரன், மென்றபடி.

“பன்றிக் கொழுப்பிலே பொரிச்சது. சரளாவுக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு இன்னிக்கே மெட்ராஸுக்குத் தந்தி குடுக்கறேன்.”

பாலசந்திரன் கைக்குட்டையில் துப்பினான். சரளாவின் அப்பா சுந்தரராஜன் தங்கியிருக்கிறாரே என்றுதான், மொன்ட்ரியாலுக்கு வெளியே இருந்த இந்தப் பழைய ஆங்கிலேய விடுதிக்கு வந்தான். மாடியில் அறைகள், கீழே மதுக்கடை. சுவரெல்லாம் பியரும் மாமிசமும் நாறின.

“சத்தியமா தெரியாது சார். சைவம்னு நினைச்சேன்.”

“விசாரிக்காம வாயில போட்டுக்கறதா? சீ.”

சத்தம் கேட்டுப் பணிப்பெண் ஓடிவந்தாள்.

“கோபப்படாதீர்கள், மிஸ்டர் சுந்தரராஜன். இதுவும் பன்றிக் கொழுப்பில் பொரித்ததுதான். நேற்று எண்ணெயில் பொரித்ததைத் திருப்பி அனுப்பினீர்களே, அதிலிருந்து உங்கள் மேஜைக்கு நாங்கள் எண்ணெயையே தொடுவதில்லை.”