பாதி டப்பா பச்சை

"கையெழுத்துப் போட்டுடறேன் தம்பி. ஆனா கதவு என்னாகும்?"

வீட்டுக்கார அம்மாள் கேட்ட இந்தக் கேள்வி தரகருக்குப் பிடிக்கவில்லை.

அவர் நிஜத் தரகர் இல்லை. உயர் அழுத்த மின்பாதை போகிற வழியில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்குவது அவர் உத்தியோகம். சம்மதம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆளை அலுவலகத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் வாயைத் திறந்தால் மின்கம்பிக்குக்கூடப் பெண் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

கம்பிக்குக் கீழே வீடு இருக்கக் கூடாது என்பது விதி. தெருவில் மற்ற எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஜன்னலைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இடித்த வீடுகளுக்கு நடுவே, பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி, இந்த வீடு மட்டும் ஆடாமல் நின்றது.

வழக்கமாக, கொடுக்கிற தொகை பத்தாது என்பார்கள். பாதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், கம்பி கொய்யென்று இரைந்தால் தூக்கம் வருமா என்பார்கள். புது வீடு ஊருக்கு வெளியே என்று அழுவார்கள். எல்லாவற்றுக்கும் தரகரின் சட்டைப்பையில் ஒரு பதில் தயாராக இருக்கும், கூடவே ஒரு ஜோக்கும். கதவு மாதிரியான கேள்விகள்தான் அவருக்கு ஆகாது.

"கதவைக் கழட்டி எடுத்துட்டுப் போங்கக்கா. ஆள் நான் விடறேன். கட்டில், பீரோ, பல்லி, எட்டுக்கால் பூச்சி, எல்லாத்தையும் பத்திரமா கொண்டுபோய் இறக்கிடுவாங்க."

"எடுத்துட்டுப் போனா அவன் எதைத் தட்டுவான்?"

அவன் என்றால் மகன். வீட்டை விட்டுப் போனவன். போவதற்கு முந்தின நாள்தான் அந்தக் கதவுக்குப் பச்சை அடித்திருந்தான். அடிப்பக்கம் பெயின்ட் வழிந்து அப்படியே காய்ந்துபோயிருந்தது. அரைகுறை வேலை என்று அம்மா ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, எந்த வீட்டிலும் நடக்கிற சண்டைதான். சாயங்காலத்துக்குள் ஆறிப்போயிருக்க வேண்டியது.

"போனா இந்த வாசப்படியை மிதிக்காதேன்னு நான்தான் தம்பி சொன்னேன். கோவத்துல வர்ற பேச்சுதானே. இப்ப அவன் வந்து பார்த்து வாசப்படியே இல்லேன்னா, அம்மா நிஜமாத்தான் சொல்லியிருக்கான்னு நினைச்சுட மாட்டானா?"

எங்கோ காற்றில் ஒரு தகரம் தட்டியது.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை; அதில் துரு ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

தரகர் தொண்டையைச் செருமினார். ஜோக் ஒன்றும் வரவில்லை. ஜோக் வராத இடத்தில் அவருக்கு டவர் வரும்.

"கம்பியைத் தாங்குற டவர் காலு இருக்கில்லக்கா, இரும்பு. அதுல உங்க புது விலாசத்தைப் பெருசா எழுதி வெச்சுடறேன். ஆள் உயரத்துல. கதவாவது பக்கத்துல வந்தாத்தான் தெரியும். டவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணுல படும்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே எழுதுவீங்களா?"

"என் கையாலேயே. என்ன, என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

அவள் சிரித்தாள். சிரித்து நாளான சிரிப்பு, பாதியில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய்ப் பழைய துணியில் சுற்றிய ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே பாதி டப்பா பச்சை.

"இதுலயே எழுதுங்க தம்பி. கடையில கிடைக்காது, ரெண்டு கலரைக் கலந்து அவனே பண்ணினது. படிக்காம போனாலும் இந்தக் கலரைப் பார்த்தா நின்னுடுவான்."

தரகர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் டப்பாவைப் பார்த்தான். "இங்கேயும் டவரா சார்?"

தரகர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். ஒரு டவர் வாய்க்காலுக்கு அப்பால் வரும். அடுத்தது மேட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் இந்தத் தெருவில் ஒரு காலும் ஊன்றாது. பச்சைக் கதவு இருக்கிற இடத்தில் மேலே கம்பி போகும், கீழே வெறும் தரை இருக்கும்.

பின்சீட்டுக்கு அடியில் டப்பாவுக்கு இடம் பண்ணினார். அங்கே ஏற்கெனவே ஒரு தபால் பெட்டி இருந்தது. யாருடைய பெயரோ எழுதின பலகை இருந்தது. வாசல் விளக்கு ஒன்று, சைக்கிள் மணி ஒன்று. எல்லாம் டவரில் மாட்டிவிடுவதாகச் சொல்லி, ஒவ்வொரு வீட்டிலும் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவை.

தூக்கி எறிய அவருக்கு மனசு வராது. அந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் இளகினவர்.

ஜீப் கிளம்பி, இடிந்த சுவர்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் சாமான்கள் உருண்டன. சைக்கிள் மணி தானாக ஒருமுறை அடித்தது.

பக்கக் கண்ணாடியில், பச்சைக் கதவு திறப்பது தெரிந்தது.